ஆக்ஸ்ஃபோர்ட்ல நின்னுக்கிட்டு "யூனிவர்சிட்டி எங்க?"ன்னு கேட்டவங்க வேற யாராவது இருக்கீங்களா

நான் நிஜமாவே கேட்டேன். மொத தடவ போனப்போ ஃப்ரெண்டு க்ரைஸ்ட் சர்ச் காலேஜ், மாட்லின் காலேஜ், போட்லியன் லைப்ரரி, மியூசியம்னு கால் வலிக்க வலிக்க சுத்திக் காட்டினான், எல்லாத்தையும் பாத்துட்டு "சரிடா, யூனிவர்சிட்டி எங்க?"ன்னேன். அவன் அப்படியே நின்னுட்டான். கில்பர்ட் ரைல்னு ஒரு தத்துவவாதி இதே கேள்விய 1949லயே "தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்"ங்கற புத்தகத்துல எழுதி வச்சிருக்கார்னான். அவர் பாடம் நடத்தினது க்ரைஸ்ட் சர்ச்ல, 1945ல ப்ரொஃபசராகி போனது மாட்லினுக்கு, ரெண்டையும் அப்பதான் பாத்துட்டு வந்திருந்தேன்!

இந்தக் கட்டிடமெல்லாம் சேந்து இயங்குற விதம்தான் யூனிவர்சிட்டி, தனியா இன்னொண்ணு கிடையாது. மனசையும் அப்படி உடம்புக்குள்ள தனிப் பொருளா தேடாதீங்கங்கறார். உடம்புக்குள்ள மனசுன்னு தனியா ஒண்ணு இருக்குங்கற, பிரெஞ்சு தத்துவவாதி டெக்கார்ட் காலத்துலருந்து வர்ற நெனப்புக்கு அவர் வச்ச பேரு மெஷினுக்குள்ள இருக்குற பேய்.

---

அண்ணா, நான் இங்கிலாந்துல ஒரு கேர் ஹோம்ல வேல பாக்குறேன். டிமென்ஷியா வந்த ஒரு பாட்டி, மகள் பேரு கூட மறந்துபோச்சு, ஆனா ஊசியும் நூலும் கையில குடுத்தா ஸ்வெட்டர் கழுத்துப் பக்கம் வந்ததும் தானா கண்ணி கொறைக்கிறாங்க. எப்படிப் பாட்டின்னு கேட்டா சொல்லத் தெரியல, கை நின்னுடுது, அதனால நான் கேக்குறதையே விட்டுட்டேன். ஒண்ணு "இப்படித்தான்"னு சொல்லத் தெரியறது வேற, செய்யத் தெரியறது வேறன்னு ரைல் பிரிச்சுக் காட்டுவார்ல, செய்றதுக்கு முன்னாடி உள்ள யாரோ விதியப் படிச்சுக் காட்டணும்னு அவசியமே இல்லன்னு, அந்த சாப்டர படிச்சப்போ எனக்கு அந்தப் பாட்டி விரல்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அறிவு போயிடுச்சுன்னு அவங்கள யாராவது சொன்னா இப்பல்லாம் எனக்கு மனசு கேக்கறதில்ல.

---

தங்கச்சி எழுதினது அருமை. ஆனா எனக்கு ரைல்கிட்ட ஒரு எடத்துல ஒட்டல. மனசுங்கறத ஒருத்தர் என்ன செய்றார், என்ன செய்யக்கூடியவர்ங்கறத வச்சே பெரும்பாலும் சொல்லிடறார். அவர்கிட்ட படிச்ச அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டென்னட்டும் கிட்டத்தட்ட அந்த வழிதான். எங்கப்பா பல்வலியோட ஒரு ராத்திரி முழுக்க முகத்த கூட சுளிக்காம படுத்திருந்தார், காலைலதான் சொன்னார். அந்த ராத்திரி வலி எங்க இருந்துச்சு?

---

அண்ணா, அந்தப் பாட்டியும் சில நாள் பின்னுறத நிறுத்திட்டு ஜன்னலயே பாத்துட்டிருப்பாங்க. அப்போ உள்ள என்ன ஓடுதுன்னு எனக்கும் தெரியல. பக்கத்துல உக்காந்துக்குவேன்.