தோட்டத்துக் குளத்துப் பாசி: நீங்கள் கண்டது என்ன?

லயத்துப் பையன், பாகான் செராய், மலேசியா:
செம்பனைக்காட்டுக்குக் கீழே இருக்கும் மாட்டுக் குளம்தான். உச்சி வெயிலில் நீர் முழுக்கக் குங்குமம் கொட்டியது போல் சிவந்து கிடந்தது. ஆலைக்கழிவு என்றார்கள், செம்மண் என்றார்கள். பாட்டிலில் மொண்டுவந்து சமையலறை மூலையில் வைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்தால் பச்சை! செம்மண் எங்காவது பச்சையாகுமா?

கிராணி மகள்:
தம்பி, அது யூக்ளினா சாங்குனியா என்ற நுண்பாசி. எங்கள் தோட்டத்திலும் கண்டிருக்கிறேன். வெயில் ஏறினால் உயிரணுவுக்குள் இருக்கும் சிவப்புத் துகள்கள் விளிம்புவரை பரவிப் பச்சையத்தை மூடிவிடும். வெயில் தாழ்ந்தால் நடுவில் ஒடுங்கிவிடும். சாணம் கரைந்த நீர் யூக்ளினாவுக்கு விருந்து. அழுக்கு நீரைத் தாங்கும் பாசிகளைப் பால்மர் என்ற ஆய்வாளர் 1969இல் பேரினவாரியாக வரிசைப்படுத்தியபோது யூக்ளினாவுக்குத்தான் முதலிடம். ஆலையைத் திட்டுமுன் மாடுகளைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங்:
அம்மா சொல்வது பாதிதான் சரி. மாட்டை மட்டும் குற்றம் சொல்வானேன்? செம்பனைக்குப் போடும் உரம் மழையில் எங்கே போகிறது? பாசி என்றாலே கெட்ட நீர் என்றும் முடிவுகட்டாதீர்கள். எங்கள் தைப்பிங் ஏரிப் பாசிகளுக்குப் பிரௌஸ், ரத்னசபாபதி என்ற ஆய்வாளர்கள் 1970இல் ஒரு பட்டியலே வெளியிட்டார்கள். மலையடிவார ஓடை நீரைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தபோது டெஸ்மிட் என்ற நுண்பாசி ஒன்றைக் கண்டேன்: அச்சுப் பிசகாத இரண்டு பச்சைப் பாதிகள், நடுவே மெல்லிய ஒடுக்கம். உரச்சத்துக் குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில்தான் அவற்றில் பல வகைகள் செழிக்கும். எந்தப் பாசி என்பதே கேள்வி.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீலப்பச்சைப் படலம் கரையில் ஒதுங்கினால் அது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். அந்த நீரைக் காய்ச்சினாலும் நஞ்சு போகாது. உயிரணு உடைந்து, உள்ளிருக்கும் நஞ்சும் நீரில் கலக்கும். பாசியைக் கொல்ல மயில்துத்தம் கொட்டினாலும் அதே கதைதான். ஆடுமாடுகளை இறக்காதீர்கள். ஓடைக்கரைப் புல்லை மருந்தடித்துக் கருக்காதீர்கள். ஓடிவரும் உரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புல்தான்.

லயத்துப் பையன்:
ஐயா, எங்கள் குளத்தில் நீலப்பச்சை இல்லை. ஆனால் நேற்று திலாப்பியா மீன்கள் செத்து மிதந்தன. அக்கா, இந்தச் சிவப்புப் பாசி மீனைக் கொல்லுமா?

கிராணி மகள்:
கொல்லும், தம்பி. யூக்ளினோஃபைசின் என்ற நஞ்சை இந்த இனத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் பாசி மண்டிய குளத்தில் விடியும் நேரத்தில் ஆக்சிஜன் வற்றியும் மீன் சாகும். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? அந்த மீனை யாரும் எடுத்துப் போகவில்லையே?