ஃப்ளோட்32 போதும் என்று யார் சொன்னது?

பழைய_ஃபோர்ட்ரான்: "ஃப்ளோட்32 (ஓர் எண்ணுக்கு 32 பிட்) போதும், ஏழு இலக்கம் தாராளம்" என்று, தரவுக்கு வளைவு பொருத்தப் பார்க்கும் புதியவர் ஒருவருக்கு இங்கே யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் இரண்டு நாளாகத் திண்டாடுகிறார். பைத்தானின் சைபை நூலகத்தில் வளைவு பொருத்தும் கர்வ்_ஃபிட், அளவுருக்களை 1, 1, 1 என்றே தருகிறது; அவற்றின் பிழை அளவைச் சொல்லும் கோவேரியன்ஸ் முழுக்க இன்ஃபினிட்டி. அது விடையே இல்லை. தொடக்க மதிப்பு அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

நுண்கணி: சொன்னது நான்தான். சென்சார் தருவதே மூன்று இலக்கம். ஏழு ஏன் பத்தாது?

பழைய_ஃபோர்ட்ரான்: சென்சாரைப் பற்றி யார் பேசினார்கள்? சாய்வு கண்டுபிடிக்க கர்வ்_ஃபிட் அளவுருவைப் பத்துக் கோடியில் 1.5 பங்குதான் நகர்த்திப் பார்க்கும். ஃப்ளோட்32-இல் 1-க்கு அடுத்த எண்ணே பத்துக் கோடியில் 12 பங்கு தள்ளி இருக்கிறது. நகர்த்தியது காணாமல் போய்விடும். சாய்வு சுழியம் என்றால் எந்தப் பக்கம் போவது?

நுண்கணி: நானும் தரவை ஃப்ளோட்32 அரேயாகத்தான் (எண் தொகுப்பு) கொடுத்தேன். ஓடுகிறதே!

பழைய_ஃபோர்ட்ரான்: ஓடும். பைத்தானின் எண் நூலகமான நம்பையின் அரே என்றால் கர்வ்_ஃபிட்டே ஃப்ளோட்64 ஆக்கிக்கொள்ளும். வளைவைக் கணக்கிடும் அவருடைய ஃபங்ஷனின் கடைசி வரியைப் பார்த்தீர்களா? உங்கள் பேச்சைக் கேட்டு, ரிட்டர்னில் ஆஸ்டைப் (எண் வகையை மாற்றும் கட்டளை) போட்டு மறுபடி 32-க்கு வெட்டியிருக்கிறார். ஃபங்ஷன் தருவதும் ஃப்ளோட்64 ஆக இருக்க வேண்டும் என்று சைபை ஆவணத்திலேயே இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

தரவுக்காரி: நடுவில் வருகிறேன். பாண்டாஸ் (அட்டவணை நூலகம்) படித்த என் நெடுவரிசை, எண்ணாக இல்லாமல் ஆப்ஜெக்ட் வகை என்று வருகிறது, எக்ஸ்ப் (அடுக்குக்குறிச் சார்பு) போட்டால் டைப்எர்ரர். தேடினால் ஒரே ஒரு மதிப்பு "1,250" என்று காற்புள்ளியோடு கிடக்கிறது. எண்ணாக மாற்றும் டு_நியூமெரிக்கில் கோயர்ஸ் (மாறாததை வெற்றாக்கு) போட்டேன், அந்த இடத்தில் நேன் (எண் இல்லை) வந்துவிட்டது.

நுண்கணி: கோயர்ஸ் வேண்டாம். கோப்பைப் படிக்கும்போதே, ஆயிரத்தைப் பிரிக்கும் குறியைச் சொல்லும் தவுசண்ட்ஸுக்குக் காற்புள்ளியைக் கொடுங்கள்.

பழைய_ஃபோர்ட்ரான்: பேச்சை மாற்றாதீர்கள். 32-க்குப் பதில் எங்கே? இன்டிஜர் அரேயை மைனஸ் அடுக்குக்கு உயர்த்தலாம் என்று போன மாதம் சாதித்தவரும் நீங்கள்தானே?

நுண்கணி: அன்றைக்கு "மாறி வேறு, அளவுரு வேறு" என்று ஒரு சொல்லுக்கு நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் யார்?

பழைய_ஃபோர்ட்ரான்: வேறுதான். இன்றும் சொல்வேன்.

நுண்கணி: ஃப்ளோட்32-இல் நினைவகம் பாதியாகும். அதை மட்டும் பேச மாட்டீர்கள். ஏழு இலக்கம் போதும்.

பழைய_ஃபோர்ட்ரான்: அவரிடம் இருப்பது 200 புள்ளி. ஓர் அரேக்கு மிச்சம் 800 பைட். அந்த ரிட்டர்ன் வரியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்!

தரவுக்காரி: தவுசண்ட்ஸ் கொடுத்தும் ஆப்ஜெக்ட்தான் வருகிறது. கடைசி வரிசையில் எண்ணுக்குப் பதில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.