ஓடும்போதே பேட்டரி இறங்குகிறது, ஸ்டேட்டர் (எஞ்சினுக்குள் மின்சாரம் தயாரிக்கும் காயில்) போய்விட்டது என்கிறார்கள். மாற்றலாமா?

கொடைரோடு

வணக்கம் நண்பர்களே. வண்டி 400 சிசி, ஒற்றை சிலிண்டர், எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்), ஏபிஎஸ். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பக்கப் பெட்டிகள், 40 வாட் எல்இடி ஃபாக் லைட் ஒரு ஜோடி, ஹேண்டில்பாரில் யுஎஸ்பி சார்ஜர், இவ்வளவுதான் கூடுதலாகப் போட்டது.

மதுரையிலிருந்து தனுஷ்கோடி போய்வந்த பிறகுதான் இது ஆரம்பித்தது. பகலில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. இரவில் ஃபாக் லைட் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏபிஎஸ் விளக்கு தானாக எரிகிறது, மீட்டர் மினுக்குகிறது, டீ குடிக்க நிறுத்தினால் அவ்வளவுதான், அப்புறம் செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும். தள்ளிப் பார்த்தாலும் பலனில்லை, பெட்ரோல் பம்ப் சத்தமே கேட்பதில்லை. புது பேட்டரி போட்டாயிற்று, அதுவும் அதே கதை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ஸ்டேட்டர் காயில் போயிருக்கும், ஆர்ஆர் யூனிட்டையும் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், ஸ்டேட்டரின் ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) சேர்த்தே மாற்றிவிடலாம் என்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து பெரிய தொகை. அடுத்து வால்பாறை, அப்படியே ஆகும்பே வரை போகும் திட்டம் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் நானே எதையாவது பார்க்க முடியுமா? மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவுக்குப் பயன்படுத்தத் தெரியும்.

மீட்டர்காரன்

எஞ்சின் கவரைத் திறக்க விடாதீர்கள். ஸ்டேட்டர் ஆயிலுக்குள் இருக்கும் பொருள், திறந்தால் கேஸ்கெட், ஆயில் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். திறக்காமலே சோதிக்க வழி இருக்கிறது.

முதலில் பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுக்க ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். 12.6-லிருந்து 12.8 வோல்ட் வரை இருந்தால் நல்ல பேட்டரி. 12.4-க்குக் கீழே இறங்கிவிட்டால் மேற்கொண்டு எடுக்கிற எந்த அளவையும் நம்ப முடியாது. பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, டிசி 20 வோல்ட் ரேஞ்சில் பேட்டரி முனையிலேயே வைத்துப் பாருங்கள். 4000, 5000 ஆர்பிஎம்மில் 14-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். 15 தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு. 13-ஐத் தொடவே தடுமாறினால் உங்கள் கதை.

அடுத்தது ஸ்டேட்டர். எஞ்சினிலிருந்து மூன்று ஒயர் ஒன்றாக வரும், பெரும்பாலான வண்டிகளில் மூன்றும் ஒரே நிறம், மஞ்சள்தான் அதிகம். அந்தக் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் சொருகியை) கழற்றி, மீட்டரை ஏசி 200-க்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளக்க வேண்டும். 5000 ஆர்பிஎம்மில் 50 வோல்ட்டுக்கு மேல் வருவது வழக்கம். சரியான எண் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், ஆனால் எண்ணை விட முக்கியம் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருப்பது. ஒன்று மட்டும் குறைந்தால் காயில் எரிந்திருக்கிறது. அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மஞ்சள் ஒயருக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவில் கன்டின்யூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று) பாருங்கள், பீப் வரவே கூடாது. ஓம் அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நல்ல காயிலே ஒரு ஓமுக்குள்தான் காட்டும், நம்மிடம் இருக்கிற மீட்டரின் ஒயரே அதில் பாதியைக் காட்டும்.

இதையெல்லாம் வண்டி நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள். சில காயில்கள் சூட்டில் மட்டும்தான் ஷார்ட் ஆகும். ஏசி அளக்கும்போது கம்பி முனையில் விரல் படக் கூடாது, நன்றாகவே அடிக்கும்.

ஆயில்கறை

என் பந்தயம் ஆர்ஆர் யூனிட் மேல்தான். இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் ஷண்ட் வகைதான் வைக்கிறார்கள், தேவைக்கு மேல் வரும் கரண்ட்டை அது ஸ்டேட்டருக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடும், அதனால் லைட்டை அணைத்தால் ஸ்டேட்டருக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள், அது எப்போதும் முழு வேகத்தில்தான் வேலை செய்கிறது. ஆர்ஆர் யூனிட்டும் அதே சூட்டில் வெந்துகொண்டிருக்கும். மாற்றுவதாக இருந்தால், தேவையில்லாதபோது ஸ்டேட்டரின் இணைப்பையே துண்டித்துவிடுகிற சீரிஸ் வகை கிடைக்கிறதா பாருங்கள்.

கொடைரோடு

நன்றி. சூடாக்கி அளந்துவிட்டேன். சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரி 12.7. 5000 ஆர்பிஎம்மில் ஃபாக் லைட் இல்லாமல் 13.1, போட்டால் 12.5, அப்படியே மெதுவாக இறங்குகிறது. ஏசி மூன்று ஜோடியும் 58, 59 என்று ஒன்றாகவே இருக்கின்றன. எஞ்சின் உலோகத்தோடு பீப் இல்லை. அப்படியானால் ஆர்ஆர் யூனிட்தானா, ஆர்டர் போடலாமா?

மீட்டர்காரன்

ஸ்டேட்டர் சுத்தம். அதை மாற்றியிருந்தால் காசு தண்டம்.

ஆர்டர் கொஞ்சம் பொறுங்கள். ஆர்ஆர் யூனிட்டின் டிசி கப்ளரைக் கழற்றாமல், சிவப்பு ஒயர் நுழைகிற பின்பக்கத்திலிருந்து ஒரு குண்டூசியை உள்ளே விட்டு, மீட்டரின் சிவப்பு முனையை அதில் வையுங்கள். கருப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள். ஆமாம், இரண்டுமே பிளஸ்தான். குண்டூசி பாடியில் எங்கும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 5000, ஃபாக் லைட் ஆன். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நல்லது, ஆர்ஆர் யூனிட்டைச் சந்தேகப்படலாம். அதற்கு மேல் வந்தால் வழியில் எங்கோ கரண்ட் தடுக்கிறது. இதையே மைனஸ் பக்கமும் பாருங்கள்.

கொல்லிமலை70

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்பும்போது மினுக்கல் வருகிறதா என்றும் பாருங்கள். மலையேறும்போது கொண்டை ஊசி வளைவில் மட்டும் ஆஃப் ஆகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) மடங்குகிற இடத்தில் உறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஃபாக் லைட் போடுகிறவர்கள் அங்கே கேபிள் டையை இறுக்கி இழுத்துக் கட்டிவிடுவார்கள்.

கொடைரோடு

ஹேண்டில் திருப்பிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஆனால் மீட்டர்காரன் அண்ணா சொன்ன இடத்தில் 1.7 வோல்ட் காட்டுகிறது! மைனஸ் பக்கம் 0.1-க்கும் கீழே. ஆர்ஆர் யூனிட்டின் வாயிலேயே நேராக அளந்தால் 14.2.

சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பக்க பேனலுக்குள், மெயின் பியூஸுக்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைக் கப்ளர். ஒரு மூலை மட்டும் பழுப்பாகி உப்பியிருக்கிறது, பிரிக்கவே வரவில்லை, நெம்பித்தான் எடுத்தேன். உள்ளே பின்னில் பச்சைப் பொடி, அது நுழைகிற பெண் பின் வாய் பிளந்து தொளதொளவென்று இருக்கிறது.

மீட்டர்காரன்

மாட்டிக்கொண்டது. உங்கள் வண்டி ஃபாக் லைட்டோடு சேர்த்து ஏறக்குறைய 13 ஆம்ப் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 1.7 வோல்ட் என்பது 22 வாட். அந்தச் சின்னப் பின்னுக்குள் ஒரு சாலிடரிங் அயர்னைச் சொருகி வைத்த மாதிரிதான். சூட்டில் பின்னின் இறுக்கம் போகும், இறுக்கம் போனால் இன்னும் சூடாகும். ஃபாக் லைட் போட்டதும் நிலைமை மோசமானது அதனால்தான், கரண்ட் கூடக்கூட இழப்பும் கூடும். ஆர்ஆர் யூனிட்டோ தன் வாயில் 14.2 இருப்பதைப் பார்த்துக்கொண்டு எல்லாம் சரி என்று உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி வரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அதற்குத் தெரியாது, பேட்டரி வோல்ட்டைப் பார்க்க அங்கிருந்து தனி சென்ஸ் ஒயர் வைத்த வண்டியாக இருந்தால்தான் தெரியும்.

தனுஷ்கோடி உப்புக் காற்று அந்தப் பச்சைக்குக் காரணமாக இருக்கலாம். ஊருக்கு வந்ததும் பிரஷர் வாஷ் அடித்திருந்தால் உப்புத் தண்ணீர் இன்னும் உள்ளே போயிருக்கும்.

பின்னைத் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள், திரும்ப எரியும். கப்ளரின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எறியுங்கள். கருத்துப்போன செம்பு முடிந்து பளபளப்பான செம்பு வரும் வரை ஒயரை வெட்டிக்கொண்டு, ரப்பர் சீல் வைத்த கப்ளர், 6.3 மில்லிமீட்டர் பின், பின்னை ஒயரோடு நசுக்கி இறுக்க சரியான கிரிம்பிங் கருவி. சாலிடர் வேண்டாம், சாலிடர் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து அதிர்வில் ஒடியும்.

ஆயில்கறை

பந்தயம் தோற்றேன், சரி. ஆனால் சாலிடர் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். இணைப்புக்கு இரண்டு பக்கமும் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, ஒயர் ஆடாமல் கட்டிவிட்டால் எதுவும் ஒடியாது. மட்டமான கிரிம்பிங் பிளேயரில் நசுக்கியதை விட இது எவ்வளவோ மேல்.

மீட்டர்காரன்

மட்டமான பிளேயரை விட மேல் என்பது உண்மைதான்.

கொடைரோடு, ஃபாக் லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இருக்கிறதா? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து முதலில் 10 ஆம்ப் பியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட கால். லைட்டுக்கு 87. 86-க்கு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரை உங்கள் சுவிட்ச் வழியாகக் கொண்டுவாருங்கள், 85 எர்த். ஐந்து கால் ரிலே என்றால் நடுவில் இருக்கிற 87ஏ காலில் லைட்டைக் கொடுத்துவிடாதீர்கள், வண்டி அணைந்திருக்கும்போது எரிந்துகொண்டிருக்கும்.

கொடைரோடு

கப்ளர் மாற்றியாயிற்று, ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் நல்ல கிரிம்பிங் கருவி இருந்தது. ரிலே ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பியூஸ் லைட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அதைப் பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். இப்போது பேட்டரியில் 14.1, ஃபாக் லைட் போட்டால் 13.9. சாவியை எடுத்த பிறகு எவ்வளவு கசிகிறது என்றும் பார்த்தேன், 2 மில்லி ஆம்ப்தான்.

ஒரே ஒரு சந்தேகம். ஆர்ஆர் யூனிட் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. இது சரியா?

மீட்டர்காரன்

ஷண்ட் வகை அப்படித்தான் சுடும். அதன் மேல் காற்று படுகிறதா, பெட்டியோ பையோ மறைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சேற்றில் ஓட்டி வந்தால் யூனிட்டின் மேலிருக்கிற குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவில் அடைத்திருக்கும் மண்ணைக் கழுவிவிடுங்கள். பிரஷர் வாஷ் இல்லாமல்.