கோழிக்குடல் பேரியத்துக்குச் சுருங்குகிறது, அசிட்டைல்கோலினுக்குச் சுருங்க மறுக்கிறது

மதுரை, பார்மசி கல்லூரி ஆய்வகம். கோழியின் சிறுகுடல் கடைப்பகுதி, 2 செ.மீ. துண்டு. 25 மி.லி. உறுப்புத் தொட்டி (திசுவைத் தொங்கவிடும் கலம்), டைரோடு கரைசல் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்), 37 டிகிரி, காற்றுக் குமிழ், அரை கிராம் இழுவை. மருந்து 30 நொடி, 5 நிமிடத்துக்கு ஒரு முறை.

திங்கள் காலை வரை, குடலைச் சுருக்கும் நரம்புக் கடத்தியான அசிட்டைல்கோலினுக்குச் சுருக்க வரைகோடு ஒழுங்காக ஏறியது. அன்று மாலை அதே தொட்டியில், அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்தான அட்ரோபின் செய்முறை நடந்தது. செவ்வாயிலிருந்து அதே அளவுக்குக் கால்வாசி உயரம்கூட இல்லை. நான்கு மடங்கு கொடுத்தால் மட்டும் ஏறுகிறது.

அசிட்டைல்கோலின் காரத்தில் சிதையும் என்பதால் லேசான அமிலத்தில் புதிதாகக் கரைத்து ஐஸில் வைத்தோம். டைரோடும் புதிது, கால்சியம் குளோரைடைக் கடைசியில்தான் சேர்த்தோம். வேறு கோழியின் குடலிலும் அதே கதை. பேரியம் குளோரைடுக்கு முழுச் சுருக்கம் வருகிறது. அது ஏற்பியை (அசிட்டைல்கோலின் ஒட்டிச் செயல்படும் இடம்) தொடாமல் தசையையே நேராகச் சுருக்குவது. ஆகவே தசையில் குறையில்லை, அந்த ஏற்பிதான் (மஸ்கரினிக் வகை) அடைபட்டிருக்கிறது. அட்ரோபின் ரப்பர் குழாயில் தங்கியிருக்கும் என்றே படுகிறது. காய்ச்சி வடித்த நீரில் பத்து முறை கழுவியும் மாற்றமில்லை.

நீர்த்த அமிலமோ ஆல்கஹாலோ விட்டு அதை வெளியேற்ற முடியுமா, குழாயையே மாற்ற வேண்டுமா?