மறு: ஏடி அண்ட் டி கட்டுரை – "பெயர்மாற்றம்" பத்தாது, "பெயரேற்பு"ன்னு வைக்கலாமா?

> 2005ல நடந்ததுக்குப் பெயர்மாற்றம்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதுக்கு?

ஐயா வணக்கம். அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி ஏடி அண்ட் டி பத்தின நம்ம கட்டுரைல பெயர்மாற்றம்னு போட்டா புரியும்தான், ஆனா தப்பா புரியும், அதுதான் என் கவலை. பெயர்மாற்றம்னா ஆளு அதே ஆளு, பேரு மட்டும் வேற, கெஜட்ல பேர் மாத்திக்கறோமே அது மாதிரி. பெல் அட்லாண்டிக்ங்கற தொலைபேசிக் கம்பெனி 2000ல ஜிடிஇங்கற இன்னொரு கம்பெனியை சேர்த்துக்கிட்டு வெரைசன்னு ஆச்சே, அதைப் பெயர்மாற்றம்னு சொன்னா ஒத்துக்கறேன். 2005 நவம்பர்ல நடந்தது வேற. எஸ்பிசி கம்யூனிகேஷன்ஸ் சுமார் 1,600 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டியை வாங்குச்சு, வாங்கின கையோட தன்னோட சொந்தப் பேரை விட்டுட்டு, யாரை வாங்குச்சோ அவங்க பேரைத் தனக்கு வச்சுக்கிச்சு. அந்த எஸ்பிசி யாருன்னு பாத்தா, 1984ல ஏடி அண்ட் டிகிட்டேர்ந்து பிரிச்சு விட்ட ஏழு கம்பெனில ஒண்ணு, சவுத்வெஸ்டர்ன் பெல். அதாவது பெத்த புள்ள வந்து தாயை விலைக்கு வாங்கி அவ பேரைச் சூட்டிக்கிட்ட கதை. இதுக்குப் பெயர்மாற்றம்னு எழுதினா, படிக்கறவங்க ஏடி அண்ட் டிதான் எதுக்கோ பேர் மாத்திக்கிச்சுன்னு நினைப்பாங்க, இல்லன்னா ஒரே கம்பெனி 1885லேர்ந்து அறுபடாம வருதுன்னு நினைப்பாங்க. ரெண்டும் தப்பு.

எஸ்பிசியை "வாரிசு நிறுவனம்"னு சொல்லலாம்னு அக்கா சொன்னதைப் பத்தியும் யோசிச்சேன். வாரிசுக்கு சொத்து தானா வரும், காசு குடுத்து வாங்கறவனை நாம வாரிசுன்னு சொல்றதில்ல. இங்க 1,600 கோடி டாலர் கைமாறியிருக்கு.

நம்மகிட்டயே இதுக்கு ஒரு சொல் இருக்கு, பேரன். பெயரன்ங்கறதுதான் பேரன் ஆச்சு, தாத்தா பேரைத் தாங்கறவன்னு அர்த்தம். பேரனும் தாத்தாவும் ஒரே பேரு, ஆனா ரெண்டு ஆளு, பொறந்த வருசம் வேற வேற. வீட்டுல யாரும் குழம்பறதில்லையே, பெரியவர் சின்னவர்னு சொல்லிப் பிரிச்சுக்கறோம். அதனால அந்தச் செயலுக்குப் பெயரேற்பு, அப்படிப் பேர் ஏத்துக்கிட்ட கம்பெனிக்குப் பெயரன் நிறுவனம்னு வைக்கலாம்ங்கறது என் யோசனை. இப்ப இருக்கற ஏடி அண்ட் டி இன்க் சட்டப்படி 1983ல பதிஞ்ச கம்பெனி, பழைய ஏடி அண்ட் டி 1885 மார்ச் 3ஆம் தேதி நியூயார்க்ல பதிஞ்சது. கட்டுரை ஓரத்துல வர்ற தகவல் பெட்டில "தொடக்கம்"னு ஒரே ஒரு வருசம் போடற இடத்துல எல்லாரும் முட்டிக்கறது இதனாலதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. இந்தக் குடும்பத்துல புள்ள தாயை மிஞ்சினது ரெண்டு தடவை. ஏடி அண்ட் டி மொதல்ல அமெரிக்கன் பெல் கம்பெனியோட துணை நிறுவனம், தொலைதூர லைன் இழுக்கறதுக்குன்னே தொடங்கினது. அமெரிக்கன் பெல் இருந்த மாசசூசெட்ஸ்ல முதலீட்டை ஏத்தறதுக்குச் சட்டம் ரொம்ப இறுக்கம், நியூயார்க்ல அவ்வளவு இல்ல, அதனால 1899 டிசம்பர் கடைசில மொத்த சொத்தையும் புள்ள பேருக்கு மாத்தி புள்ளையையே தாய் நிறுவனமா ஆக்கிட்டாங்க. ஆனா அப்ப புள்ள தன் பேரை விடல. 1899ல பெயரேற்பு இல்ல, 2005ல இருக்கு. இந்த வித்தியாசத்தை ஒரே சொல்லுல காட்ட முடியுதுன்னா அந்தச் சொல் வேணும்தானே.

அடுத்து, 1984ல ஏடி அண்ட் டிகிட்டேர்ந்து ஏழு கம்பெனியைப் பிரிச்சு விட்டது. இதுக்கு "பங்கு விலக்கல்" வேண்டவே வேண்டாம்னு கேட்டுக்கறேன். அது அரசாங்கம் தன் பங்கை வித்துக் காசாக்கறதுக்கு நாம பத்திரிகைல தினம் பாக்கற சொல். 1984ல யாரும் எதையும் விக்கல. ஏடி அண்ட் டில பத்து பங்கு வச்சிருந்தவர் கைல அந்தப் பத்தும் அப்படியே இருந்துச்சு, கூடவே ஏழு புதுக் கம்பெனிலயும் ஒவ்வொரு பங்கு வந்துச்சு. பாகப்பிரிவினைப் பத்திரத்துல ஏ ஷெட்யூல் பி ஷெட்யூல்னு போட்டு எழுதுவாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனா பாகப்பிரிவினைன்னே வச்சா அண்ணன் தம்பி தாங்களா உக்காந்து பேசிப் பிரிஞ்ச மாதிரி தொனிக்குது. இங்க அமெரிக்க நீதித்துறை 1974ல வழக்குப் போட்டு, 1982ல உடன்பாடாகி, நீதிபதி ஹெரால்ட் கிரீன் மேற்பார்வைல 1984 ஜனவரி 1ல பிரிச்சாங்க. பிரிவு தானா நடக்கறது, பிரிப்பு இன்னொருத்தர் செய்யறது, அதனால நிறுவனப் பிரிப்பு. 1996ல லூசென்ட்ங்கற தொலைபேசிக் கருவி செய்யற கம்பெனியை ஏடி அண்ட் டி தானாவே வெளில அனுப்புச்சே, அதுக்குத் தனிக்குடி நிறுவனம்னு சொல்லலாம், அதைத் தனி இழைல பேசுவோம்.

இந்தப் பிரிப்புல பேரையும் சேர்த்துத்தான் பாகம் போட்டாங்க, கட்டுரைல இது கட்டாயம் வரணும். "பெல்"ங்கற பேரும் மணிச் சின்னமும் ஏழு கம்பெனிகளுக்குப் போச்சு, தாய்க்கு பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடத்துல மட்டும்தான் அந்தப் பேர் மிச்சம். நூறு வருசமா பெல்லுன்னு கூப்பிட்ட கம்பெனிக்கு வெறும் மூணு எழுத்தும் நடுவுல ஒரு குறியும்தான் நின்னுச்சு, அதுக்காகத்தான் சின்னங்கள் வடிவமைக்கற சால் பாஸ் கோடு போட்ட உருண்டைச் சின்னத்தை வரைஞ்சு குடுத்தார். முன்னாடி அந்த மணிச் சின்னத்தை 1969ல சீர்படுத்தி வரைஞ்சவரும் அவரேதான்.

"அமெரிக்கத் தொலைபேசி தந்தி நிறுவனம்"னு முழுக்க மொழிபெயர்க்கறது வரலாற்றுப் பகுதில ஒரு தடவை போதும். 1994லயே சட்டப்படி ஏடி அண்ட் டி கார்ப்னு சுருக்கிட்டாங்க, அதுக்கப்புறம் அந்த எழுத்துக்கு விரிவே கிடையாது, நாம தந்தியைத் திருப்பிக் கொண்டு வரக்கூடாது.

செல்போன் பகுதிலதான் இந்தச் சொல் நல்லா உதவும்னு நினைக்கறேன். 2003ல ஏடி அண்ட் டி வயர்லெஸ் கனெக்‌ஷன் வாங்கின ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. 2004ல சிங்குலர் 4,100 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியை வாங்குச்சு, பில்லுல சிங்குலர்னு வந்துச்சு. சிங்குலர் எஸ்பிசியும் பெல்சவுத்தும் கூட்டா நடத்தினது. எஸ்பிசி ஏடி அண்ட் டி ஆகி, 2006 டிசம்பர்ல பெல்சவுத்தையும் வாங்கினதும், 2007ல சிங்குலர் பேரை எடுத்துட்டு மறுபடி ஏடி அண்ட் டின்னு போட்டாங்க. அவர் எங்கயும் மாறல, அவர் பில்லுல மட்டும் பேரு போயி அதே பேரு திரும்ப வந்துச்சு. மொதல்ல வந்தது வேற கம்பெனி, திரும்பி வந்தது பெயரன்.

கட்டுரையோட மொத வரிய இப்படி எழுதிப் பாத்தேன்: "ஏடி அண்ட் டி இன்க், 1983இல் சவுத்வெஸ்டர்ன் பெல் என்ற பெயரில் பதிவாகி, 2005இல் தன் முன்னாள் தாய் நிறுவனத்தை வாங்கிப் பெயரேற்பு செய்துகொண்ட அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம்." நீளம்தான், ஆனா தப்பு இல்லாம இருக்கு. "பேரேற்பு"ன்னு சுருக்கலாமான்னு தோணுச்சு, கணக்குப் பேரேட்டோட குழம்பும்னு விட்டுட்டேன். மறுப்பு இருந்தா சொல்லுங்க, முக்கியமா "ஏற்பு"க்குப் பதிலா "சூடல்" நல்லாருக்கும்னு யாருக்காவது பட்டா.