புதுப்பிப்பு: ஹெச்டி தொலைக்காட்சியில் டிவிடி மங்கலாகத் தெரிந்த சிக்கல் பெருமளவு தீர்ந்தது

1920×1080 பிக்சல் தொலைக்காட்சி வாங்கிய பிறகு எங்கள் டிவிடிகள் பழைய பிக்சர் டியூப் டிவியில் தெரிந்ததைவிட மோசமாகத் தெரிகின்றன என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். கேபிளை மாற்றிப் பார்க்கும்படி பலர் சொன்னீர்கள். அதுவே முதல் காரணமாக இருந்தது.

ஒளியளவையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் மஞ்சள் முனை கேபிளை நீக்கிவிட்டு ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பொருத்தியதும், அக்காவின் திருமண டிவிடியில் புடவைக் கரையோரம் ஊர்ந்துகொண்டிருந்த புள்ளிகள் முற்றிலும் மறைந்தன.

ஆனாலும் அகலத்திரைப் படங்கள் தெளியவில்லை. பிளேயரின் அமைப்பில் திரை வடிவம் இன்னமும் 4:3 லெட்டர்பாக்ஸ் (பழைய டிவியின் அகலம் குறைந்த திரைக்கானது) என்றே இருந்ததால், வட்டில் உள்ள 576 வரிகளைப் பிளேயர் 432 வரிகளாகச் சுருக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளைச் சேர்த்து அனுப்ப, தொலைக்காட்சி அதை மீண்டும் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறது. 16:9 (அகலத்திரை) என மாற்றியபோது கிடைத்த தெளிவு, கேபிள் தந்ததைவிட அதிகம் என்றே சொல்வேன். தொலைக்காட்சியின் ஷார்ப்னெஸ் அளவையும் வெகுவாகக் குறைத்தேன். முகங்களைச் சுற்றியிருந்த வெள்ளை விளிம்பு போய்விட்டது.

இருப்பினும் 720×576 பிக்சல்களை ஐந்து மடங்காக்கித்தான் திரை நிரம்புகிறது என்பதால், மூன்றடி தொலைவில் அமர்ந்தால் படம் சற்று மங்கலாகத் தெரியத்தான் செய்கிறது. நாற்காலியை எட்டடிக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறோம். அம்மா இப்போது திருமணப் பதிவை நிறைவோடு பார்க்கிறார். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.