பெட்டி மாறிப்போன கதை

தொழில் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் தொழில் சந்திப்புக் கூட்டத்துக்கு முதல் தடவை போனதைப் பற்றி ஆளாளுக்கு எழுதுவதைப் படித்தேன். பாதிப் பேர் "கூச்சமாக இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

மதுரை கோ.புதூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் அட்டைப்பெட்டி செய்கிறோம். மூன்று பிளை, ஐந்து பிளை; பிளை என்றால் பேப்பர் அடுக்கு. அப்பா ஆரம்பித்த தொழில். பார்ட்டிகள் எல்லாம் அப்பாவின் பழக்கத்தில் வந்தவர்கள். ஒருவர் கடையை மூடினால் எங்களுக்கு ஒருவர் குறைவார், அந்த இடத்துக்குப் புதிதாக யாரும் வருவதில்லை. சிறுதொழில் சங்கமான மடீட்சியாவின் அரங்கில் கண்காட்சி நடக்கும்போது போய் வேடிக்கை பார்த்திருக்கிறேன், அங்கே யாரும் நம்மை எழுந்து நின்று பேசச் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பன்தான் "நீ வந்தே ஆகணும்" என்று இழுத்துப்போனான்.

முதல் நாள் ராத்திரி, டை கட்டி வரணுமா என்று அவனிடம் போனில் கேட்டது அப்பா காதில் விழுந்துவிட்டது. எங்கள் தொழிலில் டை என்றால் பெட்டி வெட்டுகிற அச்சு. "அதை எதுக்குடா கட்டித் தூக்கிட்டுப் போற?" என்றார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியாது.

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு ஹோட்டல் மாடி, காலை 7 மணி, டிபனோடு 600 ரூபாய். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர் என்பது அவர்கள் கணக்கு. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் பேச வேண்டும், நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள். விருந்தாளிக்கும் அதே ஒரு நிமிடம்.

இரண்டு நாளாக இங்கிலீஷில் ஒப்பித்து வைத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர் பூச்சி மருந்து அடிப்பவர். "எலி, கரையான், மூட்டைப்பூச்சி. வீட்டு நிலைக்கதவைத் தட்டிப் பாருங்க, டொக்குன்னு கேட்டா உள்ள ஆள் குடியிருக்காங்கன்னு அர்த்தம், என்னைக் கூப்பிடுங்க" என்றார். கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் இங்கிலீஷ் எங்கே போனதென்று தெரியவில்லை. பெயரைச் சொன்னேன். "பெட்டி செய்யறோம். எல்லா அளவுலயும் செய்யறோம். யாருக்காவது தேவைப்பட்டா சொல்லுங்க." இருபது விநாடி ஆகியிருக்கும். மணிக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "உட்காரலாங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

டீ நேரத்தில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளும் படலம். இங்கேதான் நான் செய்த தப்பு: வாங்கிய கார்டும் கொடுக்க வேண்டிய கார்டும் ஒரே சட்டைப்பையில். பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் ஒரு அண்ணன், "தெரிஞ்சவங்களுக்குக் குடுங்க தம்பி" என்று தன்னுடையதைப் பத்துப் பதினைந்தாகத் திணித்திருந்தார். வெள்ளை அட்டை, நீல எழுத்து. என்னுடையதும் அதேதான், ஒரே பிரஸ்ஸில் அடித்திருப்போம் போல.

ஓரமாக நின்ற ஒரு பெரியவரிடம் கார்டை நீட்டினேன். எட்டப் பிடித்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"எல்லா அளவுலயும் இருக்குமோ?"

"இருக்குங்கய்யா. அளவு சொன்னா ரெண்டு நாள்ல குடுத்துடுவோம். அவசரம்னா அன்னைக்கே."

"இதுல எப்பவுமே அவசரம்தானே தம்பி."

"உங்களுக்கு மாசம் எத்தனை தேவைப்படுங்கய்யா?"

"எனக்கு ஒண்ணு போதும். அதுக்கும் இன்னும் நாள் இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்று கார்டை என் பக்கம் திருப்பினார். 'ஃப்ரீசர் பாக்ஸ், 24 மணி நேரமும்.'

கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் பையிலிருந்த மாதிரிப் பெட்டியை வாங்கினார். ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளம் போடுகிறவராம். பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அமுக்கினார். டீ தம்ளரின் அடியிலிருந்த ஈரத்தை விரலில் தொட்டு ஓரத்தில் தேய்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அதே இடத்தை நகத்தால் கீறினார். பேப்பர் தோலாக உரிந்து வந்தது.

"பி.எஃப். எத்தனை?" பேப்பர் கிழியாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்கிற கணக்கு அது.

"பதினெட்டுங்க."

"ஐப்பசி மழையில என் குடோன்ல அடுக்கினா, இது கீழ்வரிசையில உட்கார்ந்துரும்."

ஈரக்காற்றைக் குடித்த அட்டை பாரம் தாங்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாங்குகிறவர் நகத்தால் சோதித்துக் காட்டி அன்றுதான் பார்த்தேன். கிளம்பும்போது சொன்னார்: "அந்தப் பூச்சி மருந்துக்காரர் பேசினதும் எனக்கு என் மச்சான் வீட்டு நிலை ஞாபகம் வந்துச்சு. நீங்க யாருக்காவதுன்னு சொன்னீங்க. எனக்கு ஒரு முகமும் வரல. அப்பளத்துக்காரன், ஊறுகாய்க்காரன், சேலை பார்சல் அனுப்புறவன்னு ஆளைச் சொல்லுங்க தம்பி."

அப்புறம் ஒரு ஆடிட்டர் பத்து நிமிடம் பேசினார். 600 ரூபாய் அதற்கே செரித்துவிட்டது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால், வாங்கினவர் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சடியுங்கள் என்றார். எங்களிடம் பதிவு இருக்கிறது, பில்லில் இல்லை. தொண்ணூறு நாள் இழுக்கிற பார்ட்டி இரண்டு பேரின் முகம் அப்போது எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது.

பக்கத்தில் இருந்தவர் ஜி.எஸ்.டி. பேச்சை எடுத்தார். 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு வரி 5 சதவீதம், அதைச் செய்கிற கிராஃப்ட் பேப்பருக்கு 18. வாங்கும்போது கட்டின வரி விற்கும்போது முழுசாகக் கழியாமல் மிச்சம் முடங்கி நிற்கிறது. அன்று என் தொண்டை திறந்தது அங்கேதான். ஐந்து நிமிடம் விடாமல் பேசினேன், மணி அடிக்க ஆளில்லை. அதை அந்த ஒரு நிமிடத்தில் பேசியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "அறுநூறு ரூபா இட்லி எப்படிடா?" என்றார். பத்து நாள் ஒரு போன் இல்லை. அப்பளக்காரர் இன்னும் ஆர்டர் தரவில்லை. அதிகப் பி.எஃப். பேப்பரில் ஐந்து பிளை மாதிரி இரண்டு செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், குடோனில் கீழ்வரிசையில் வைத்துப் பார்க்கிறாராம்.

பதினோராம் நாள் அந்தப் பந்தல் அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, என் கார்டை எத்தனை பேருக்கு குடுத்தீங்க?"

பெரியவர் ஒருவருக்குத்தான் மாற்றிக் கொடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"நாலு போன் வந்துருச்சு. ஒருத்தர் பன்னெண்டுக்கு ஒம்பது இஞ்சுல இருநூறு பெட்டி வேணும்ங்கிறாரு. நான் ஆறடிக்குக் கீழ வச்சுக்கறதில்லைங்கன்னு சொல்லி உங்க நம்பரைக் குடுத்திருக்கேன்."